பெரியவரின் எடை

தராசு மேடத்துக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது அலுவலகப் பதிவேட்டிலும் மின்சார பில்லிலும் மட்டும் இருக்கிறது. பத்தொன்பது வருடமாகக் கடை கடையாக ஏறி எடை மெஷின்களைச் சோதித்து முத்திரை போடுகிறவளைக் கடைத்தெரு வேறு எப்படிக் கூப்பிடும்? அவள் தெருமுனையில் தலைகாட்டினால் போதும், சேதி அவளுக்கு முன்னால் ஓடிப்போய், கடைசிக் கடையில் எடைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் தோள்பையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். பெட்டிக்குள் நீலத் துணி விரித்த குழிகளில் பித்தளை எடைக்கற்கள், பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக உட்கார்ந்திருக்கும். விரலால் தொடமாட்டாள், கைப்பிசுக்குகூட எடைதான் என்பது அவள் கட்சி. இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு எண்ணைப் பார்ப்பாள். எண் சரியாக இல்லையென்றால் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வசனம் பேசுவார்கள்: "இது எப்பவும் இப்படித்தான் மேடம்." அதைக் கேட்டதும் அவள் பேனாவைத் திறப்பாள். எப்பவும் இப்படித்தான் என்றால் எப்பவுமே தப்பு என்று அர்த்தம், இதில் சமாதானம் எங்கே இருக்கிறது என்று கேட்பாள்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு ஒரு கிளி வந்துசேர்ந்தது. கிளி என்று சொன்னால் அந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் பிடிக்காது. பெரியவர் என்று சொல்லவேண்டும்.

பெரியவர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. பச்சையோ நீலமோ உடம்பில் மருந்துக்கும் கிடையாது. மழைக்கு முந்திய வானம் மாதிரி ஒரு சாம்பல், கண்ணைச் சுற்றி வெள்ளை, வெளிர்மஞ்சள் விழி, கடைசியில் கொஞ்சம் சிவப்பாக வால். கப்பலில் முப்பது வருடம் சமையல்காரராக இருந்த அவள் சித்தப்பாவிடம், வேலையை விட்டுப்போன கூட்டாளி ஒருவன் ஒப்படைத்துவிட்டுப் போனது. வந்த முதல் நாளே தலையைச் சாய்த்துக்கொண்டு கப்பல் சமையலறையை மேலும் கீழும் பார்த்ததாம், சம்பந்தி வீட்டைப் பார்வையிட வந்த பெரிய மனிதர் கணக்காக. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது பெயரும் மரியாதையும். பதினெட்டு வருடமாக அவர் சாப்பிட்டார், குளித்தார், கோபித்துக்கொண்டார். தராசு மேடத்துக்குக்கூட இந்தக் கதையில் அந்த மரியாதை கிடையாது.

சித்தப்பாவுக்கு நுரையீரல் பழுதாகிவிட்டது. இந்த வகைக் கிளிகளின் இறகிலிருந்து மாவு சலித்தது போல ஒரு வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தத் தூள் ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரியவர் யார் வீட்டுக்குப் போவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் தராசு மேடத்தின் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஒரு சாம்பல் கிளி இருந்தது. மேனேஜர் என்று பெயர். அண்ணன் கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போட்டே பழகியவர். கிளி வளர்ப்பிலும் அவருக்குத் தெரியாதது இல்லை என்பது குடும்பத்தின் நம்பிக்கை, முக்கியமாக அவருடைய நம்பிக்கை. கூண்டுக்கு இடம்கூட ஒழித்து வைத்துவிட்டார்.

ஆனால் சித்தப்பா போன் செய்தது தங்கைக்கு. நீ பார்த்துப்பே, ஒருத்தர் எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கவிடுவே என்று மட்டும் சொன்னார். அண்ணன் முகம் தொங்கிப்போனது. அது நியாயம்தான். தராசு மேடத்துக்கோ தலைகால் புரியவில்லை. அவள் வாழ்நாளில் யாரும் அவளை நம்பி உயிருள்ள ஒன்றைக் கொடுத்ததில்லை. பிள்ளை இல்லாதவள், அதைப் பற்றிப் பேசாதவள். கூண்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு அன்றைக்கு அவள் அலுவலகத்துக்கு லீவு போட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர், கல்யாணத்துக்கே மூன்று நாள்தான் லீவு போட்டவள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பெரியவர் கூண்டில் நிற்கிற ஆசாமி இல்லை. கதவைத் திறந்ததும் ஒரே தாவில் ஜன்னல் திரைக்கம்பிக்குப் போய் உட்கார்ந்து, சித்தப்பாவின் குரலில், "உப்பு பாத்தியா?" என்று கேட்டார். கப்பல் சமையலறையில் ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. அதிலிருந்து அந்த வீட்டில் உப்பு பார்க்காமல் எதையும் அடுப்பிலிருந்து இறக்கியதில்லை.

மறு வாரம் அண்ணன் வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பெரியவரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன பாப்பா, இவரு இப்படி வத்திப் போயிருக்காரு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜரையும் கூண்டோடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினார். அப்போதுதான் அவளுக்கும் கண் திறந்தது. மேனேஜர் வெளிர்சாம்பல், மினுமினுப்பு. வால் புதுப் பெயின்ட் அடித்த தபால்பெட்டி போலப் பளீரென்ற சிவப்பு. அலகு முழுக்கக் கறுப்பு. பெரியவரோ ஒரு சுற்றுச் சின்னவர். உடம்பு கரிபட்ட சாம்பல். வால் சிவப்பு என்று பேருக்குத்தான், வற்றல் மிளகாயை நாளாகப் போட்டு வைத்தால் வருமே, அந்தக் கருஞ்சிவப்பு. மேல் அலகில் கறுப்பு நுனியில் மட்டும் இருந்தது; மற்றபடி நகத்தின் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. கண் மட்டும் இருவருக்கும் ஒன்று.

அண்ணன் ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தார். அலகு வெளுத்தது சுண்ணாம்புச் சத்து இல்லாததால். வால் கறுத்தது கப்பலில் வெயில் படாததால். உடம்பு கறுத்தது சமையலறைப் புகையால். சின்னதாகப் போனது, வேறென்ன, பட்டினியால். சித்தப்பா பாசமான மனுஷன்தான், ஆனா வளர்க்கத் தெரியலை என்று முடித்தார். சொன்னதெல்லாம் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தியதால் மறுத்துப் பேச அவளுக்கு வழியில்லை.

எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்று அவளே சொன்னாள். சமையலறை மெஷினில் ஒரு சின்ன மரக்கம்பைக் கட்டி, அதன்மேல் ஏறச் செய்தார்கள். மேனேஜர் நானூற்று எண்பது கிராம். பெரியவர் முன்னூற்றுப் பத்து.

அவள் அதோடு விடவில்லை. அலுவலகச் சாமானை வீட்டுக் காரியத்துக்குத் தொடாதவள், அன்று முதல்முறையாகத் தோள்பையைத் திறந்து, இடுக்கியால் இருநூறு கிராம் கல்லை எடுத்து அந்த மெஷினில் வைத்தாள். இருநூறு காட்டியது. நூறு வைத்தாள், நூறு காட்டியது. மெஷினில் குற்றமில்லை. அப்படியானால் குற்றம் பறவையில்தான். பத்தொன்பது வருடப் பழக்கம் அப்படித்தான் கணக்குப் போட்டது.

கால்நடை டாக்டரம்மாவும் அதையே சொன்னார். அவரிடம் வருவதில் பத்துக்கு ஒன்பது நாய், மீதி பூனை. சாம்பல் கிளி என்று கேட்டதும் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். படத்தில் பளீர் சிவப்பு வாலோடு ஒரு கிளி, கீழே நானூறிலிருந்து ஐந்நூற்று ஐம்பது கிராம் என்று அச்சடித்திருந்தது. எடை போதாதும்மா, நல்லா சாப்பிடக் கொடுங்க என்று சத்து மருந்தும் எழுதித் தந்தார்.

அன்று மாலை அண்ணன் தன் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் சித்தப்பா வந்து பார்ப்பதாக இருக்கிறார். அதற்குள் பெரியவர் நானூறைத் தொடவேண்டும். தொடாவிட்டால் கூண்டைத் தன் வீட்டுக்குக் கொடுத்துவிடவேண்டும்.

"எனக்கு ஆசைன்னு நினைக்காதே பாப்பா. அவரு உன் கையில இளைச்சுப் போறதை என்னால பாத்துட்டிருக்க முடியாது."

அவர் கண் கலங்கியிருந்ததால் அவளால் கோபப்படவும் முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

சித்தப்பாவிடம் போனில் விஷயத்தைப் பூசி மெழுகிச் சொன்னாள். பெரியவர் கொஞ்சம் ஒல்லி, வாலும் அலகும் சரியில்லை, தேற்றுகிறோம் என்றாள். அந்தப் பக்கம் இருமல் அடங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு சித்தப்பா சொன்னார்:

"அவரு எப்பவும் அப்படித்தாம்மா."

அந்த வசனத்தைக் கேட்டதும் அவளுக்குக் கடைத்தெருவே கண்முன்னால் வந்தது. சித்தப்பாவுமா என்று நினைத்துப் பரிதாபப்பட்டாள். வேறு யாராவது அவள் இடத்தில் இருந்திருந்தால், அப்படி என்றால் எப்படி என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். இத்தனை வருடம் இத்தனை கடைக்காரர்கள் அந்த வார்த்தையைப் பொய்க்கே செலவழித்துவிட்டதால், உண்மையாக ஒருவர் சொன்னபோது அவள் காதில் ஏறவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது விருந்து. சூரியகாந்தி விதை, வேர்க்கடலை, பாதாம், அவித்த முட்டை, சோள முத்து. அண்ணன் வாரம் ஒரு பை விதை கொண்டுவந்து இறக்கினார். கொடுத்துக் கெடுக்கிற போட்டியில் அவரும் சளைத்தவர் இல்லை. பெரியவர் முதலில் பழத்தைத் தேடினார். பழம் உடம்பு வைக்காது என்று குறைத்துவிட்டார்கள். பிறகு அவரும் கிடைத்ததை உடைத்துத் தின்னப் பழகிக்கொண்டார்.

தினம் காலையில், அலுவலகம் கிளம்புவதற்கு முன்னால், எடை. அவள் கையை நீட்டுவாள், பெரியவர் ஏறுவார், கம்பில் இறங்குவார், மெஷின் பீப் என்று கத்தும், எண் நிற்கும். அவள் எண்ணைப் பார்ப்பாள். ஒரு பெருமூச்சு விட்டு, "போதாது," என்பாள். நோட்டில் எழுதுவாள். முன்னூற்றுப் பதினெட்டு, போதாது. முன்னூற்று முப்பத்தொன்று, போதாது. இரண்டாம் மாதம் மெஷின் கத்துவதற்கு முன்னாலேயே பெரியவர் பீப் என்று கத்தத் தொடங்கினார். இதைப் பார்த்துக் கணவர் வயிறு வலிக்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள்தான், ஆனால் கண் எண்ணில் இருந்தது.

முன்னூற்று அறுபதைத் தாண்டியபோது அவர் உப்பு பற்றிக் கேட்பதை நிறுத்தினார். முன்னூற்று எழுபதில் திரைக்கம்பிக்குத் தாவுவதை நிறுத்தினார். ஒருநாள் அவள் வற்புறுத்திப் பறக்கவிட்டாள். பாதி வழியில் சோபாவில் இறங்கி, அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கினார். வயசாகுதில்ல என்றார் அண்ணன் போனில். சாம்பல் கிளிகள் ஐம்பது வயதுக்குமேல்கூட இருக்கும் என்று அதே அண்ணன்தான் முன்பு சொல்லியிருந்தார். இரண்டில் எது சரி என்று அவள் யோசித்தாள். யோசனையை அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் விட்டுவிட்டாள்.

அவளை நிறுத்தியது ஒரு இறகு.

முதல் மாதமே பெரியவரின் வாலிலிருந்து ஒன்று உதிர்ந்திருந்தது. நல்ல சாப்பாட்டுக்கு முளைக்கிற புது இறகு பளீர் சிவப்பாக வரும், பார்த்துக்கொண்டே இரு என்று அண்ணன் அடித்துச் சொல்லியிருந்தார். அதனால் அவள் உதிர்ந்ததை நோட்டுக்குள் வைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். உறைபோட்ட குச்சியாக முளை வந்தது. நாளாக ஆக உறை உதிர்ந்து, நுனியிலிருந்து விரிய ஆரம்பித்தது. விரிய விரிய அவள் முகம் சுருங்கியது. பதினோரு வாரம் பாதாமும் முட்டையும் தின்று முளைத்த இறகு, அதே வற்றல் மிளகாய் நிறத்தில் வந்து நின்றது.

பெரியவரைக் கையில் ஏற்றிக்கொண்டு, கடை சாத்தியிருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரின் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அங்கே வெயில் போலவே வெளிச்சம் தரும் விளக்கு ஒன்று உண்டு. பிரேம் நிறம் பார்க்க வைத்திருப்பது. அதன் கீழே பழைய இறகைப் புது இறகின்மேல் வைத்தாள். கணவர் பூதக்கண்ணாடியை நீட்டினார். ஓரத்தில் ஒரு நூலளவு அடர்த்தி, நடுத்தண்டு பக்கம் கொஞ்சம் வெளிர். பழையதிலும் அப்படி, புதியதிலும் அப்படி.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் கணவர். "ஒரு டப்பா பெயின்ட்டுல அடிச்ச மாதிரி."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நோயில் வந்த நிறம் இவ்வளவு ஒழுங்காக வருமா? பட்டினி கிடந்தபோது முளைத்ததும் விருந்து தின்றபோது முளைத்ததும் எப்படி ஒரே நிறம்? கெட்டுப்போன மெஷின் ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்படியே அடுத்த நினைப்பும் வந்தது. தங்கக் கடை மெஷினை வெங்காய மண்டிக் கல்லை வைத்துச் சோதிக்கக்கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். மெஷினைச் சோதித்தாள். பறவையைச் சோதித்தாள். எதை வைத்துச் சோதித்தோமோ அந்தக் கல்லை அவள் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்டிய படம் யாருடைய படம்?

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனபோது ஏன் இளைத்திருக்கிறார் என்று கேட்கவில்லை. சாம்பல் கிளியில் எத்தனை வகை என்று கேட்டாள்.

டாக்டரம்மா நல்லவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வகை. அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை இறக்கி, தூசி தட்டி, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க இருவரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். இரண்டு உண்டு. காங்கோ என்று ஒன்று, டிம்னே என்று ஒன்று. வெகுகாலம் ஒரே இனத்தின் இரண்டு கிளைகள் என்று வைத்திருந்தார்கள், இப்போது தனித்தனி இனம் என்றே சொல்கிறார்கள். காங்கோ பெரியது, வெளிர்சாம்பல், பளீர் சிவப்பு வால், கறுப்பு அலகு. டிம்னே ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்துக் காடுகளைச் சேர்ந்தது. சின்னது. அடர்ந்த சாம்பல். வால் கருஞ்சிவப்பு. மேல் அலகு கொம்பு நிறம், நுனி கறுப்பு. எடை இருநூற்று எழுபத்தைந்திலிருந்து முன்னூற்று எழுபத்தைந்து.

அண்ணன் சொன்ன நோய்கள் ஒவ்வொன்றும் வரிசையாக, அடையாளம் என்ற தலைப்பின் கீழே அச்சாகியிருந்தன.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைப்பானேன். பெரியவர் நோயாளி இல்லை. பெரியவர் வேறு ஆள். அந்தச் சந்தோஷம் டாக்டரம்மா பெரியவரின் நெஞ்சைத் தடவிப் பார்க்கிறவரை நீடித்தது. நெஞ்செலும்பு கையில் தட்டுப்படவே இல்லை, அவ்வளவு கொழுப்பு. ஈரலில் ஏறியிருக்கும் என்றார். மெஷினில் வைத்தார்கள். முன்னூற்று எண்பத்தாறு.

"வந்த அன்னிக்கு எவ்வளவு இருந்தாரு?"

"முன்னூத்திப் பத்து."

"அதுதாம்மா அவரோட எடை," என்றார் டாக்டரம்மா. பிறகு சுவரிலிருந்த படத்தைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்தார். "நானும் சேர்ந்துதான் தப்புப் பண்ணியிருக்கேன்."

விதையும் கடலையும் அன்றோடு நின்றன. பழமும் கீரையும் கேரட்டும் வந்தன. மெதுவாகத்தான் இறக்கவேண்டும், அவசரப்பட்டால் ஆபத்து என்று சொல்லி அனுப்பினார். சித்தப்பா வர ஐந்து நாள் இருந்தது.

கணவர் ஒரு யோசனை சொன்னார். வகை வேறு என்பதை மட்டும் சொன்னால் போதும். டிம்னேக்கு நானூறு என்பதே அதிகம், அதனால் பந்தயமே செல்லாது, அண்ணன் மூக்குடைபட்டுப் போய்விடுவார். ஈரல், கொழுப்பு, மூச்சு வாங்கினது எல்லாம் எதற்கு? நல்லாப் பார்த்துக்கறவங்க கையில இருக்கட்டும்னு சித்தப்பா கொடுத்தது; அவர் மனசு மாறிட்டா? அவள் சரி என்றாள். ஊரெல்லாம் எடைக் குறைவுக்கு அபராதம் எழுதுகிறவள், தன் வீட்டுக் குறையை மறைக்கச் சம்மதித்துவிட்டாள். அது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் கூண்டு இல்லாத ஜன்னலை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சித்தப்பா ஒரு சனிக்கிழமை காலையில் மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசத்தோடு வந்தார். ஹாலுக்குள் வராமல் பால்கனிக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணன் கடைசிப் பலப்பரீட்சைக்குத் தயாராக ஒரு பெரிய பை சூரியகாந்தி விதையோடு வந்திருந்தார். பெரியவர் சித்தப்பாவைப் பார்த்ததும் கழுத்தை நீட்டினார், சிறகை அடித்தார், பறந்து போகப் பார்த்தார். உடம்பு எழும்பவில்லை. சித்தப்பா அதைப் பார்த்தார்.

தராசு மேடம் தயாரித்து வைத்திருந்ததைச் சொல்லி முடித்தாள். காங்கோ, டிம்னே, வால், அலகு, காட்டின் மேற்கு ஓரம், எல்லாம். புத்தகத்தின் நகலையும் காட்டினாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜரின் படம் ஒரு பக்கம், பெரியவரின் படம் ஒரு பக்கம் என்று மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்னதெல்லாம் நோயே இல்லையா என்று இரண்டு முறை கேட்டார். சித்தப்பா கவசத்துக்குள் சிரித்தார். எப்பவும் அப்படித்தான்னு சொன்னேனேம்மா என்றார். பந்தயம் அவள் பக்கம் முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

அப்புறம் எடை எவ்வளவுதான் இருக்கிறார், ஆசைக்குப் பார்ப்போம் என்றார் சித்தப்பா.

அவள் கையை நீட்டினாள். பெரியவர் வழக்கம்போல ஏறினார், கம்பில் இறங்கினார். மெஷினை முந்திக்கொண்டு பீப் என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் நெஞ்சு விம்ம ஒரு பெருமூச்சு விட்டார். தலையைக் குனிந்து எண்ணைப் பார்த்தார். பிறகு, தராசு மேடத்தின் குரலில், அந்தச் சலிப்பும் அந்த இழுப்பும் ஒரு இம்மி குறையாமல், சொன்னார்:

"போதாது."

அவள் வீட்டுக்கு வந்து பெரியவர் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை அது. தன் குரல் அப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தினமும் காலையில், கையில் ஏறி நம்பி வந்து நின்றவரிடம், முதல் வார்த்தையாக அவள் சொன்னது அதுதான்.

சித்தப்பா கவசத்தைச் சரிசெய்துகொண்டார்.

"இதை யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"நான்தான் சித்தப்பா. தினமும் அவரை நிக்க வச்சு இதைத்தான் சொன்னேன். தின்னவச்சுத் தின்னவச்சு அவர் உடம்பைக் கெடுத்துட்டேன். இப்ப அவரால திரைக்கம்பி வரைக்கும்கூடப் பறக்க முடியலை. ஈரல்ல கொழுப்பு ஏறியிருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. இதை உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுடலாம்னு இருந்தேன்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கடைத்தெருவில் ஒருத்தரும் பார்த்திராத அழுகை. அண்ணன் எழுந்து வந்து அவள் தலையில் கைவைத்தார். பிறகு சித்தப்பாவிடம், முதல்ல ஆரம்பிச்சதே நான்தான், அவ பாட்டுக்கு இருந்தா, நான்தான் மேனேஜரைக் கொண்டுவந்து பக்கத்துல வச்சேன் என்றார். கொண்டுவந்த விதைப் பையை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்.

சித்தப்பா பெரியவரைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். என்ன எடைக்கு வரவேண்டும் என்று கேட்டார். முன்னூற்றுப் பத்து என்றாள். அது எப்படித் தெரியும் என்றார். நீங்க கொடுத்தனுப்பினப்போ அவ்வளவுதான் இருந்தார் என்றாள்.

"அப்ப அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். கெடுத்தவதான் சரிபண்ணணும்," என்றார் சித்தப்பா. "அப்புறம் பேசிக்கலாம்."

ஐந்து மாதம் ஆயிற்று. முன்னூற்றுப் பதினாலுக்கு வந்துவிட்டார் பெரியவர். திரைக்கம்பி அவருக்கு மறுபடி சொந்தமாகிவிட்டது. உப்பு பார்த்தாயா என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டார். சித்தப்பா வாரம் தவறாமல் போன் செய்கிறார். அப்புறம் பேசிக்கலாம் என்று சொன்னதைப் பற்றி இதுவரை பேசவில்லை, அவளும் நினைவுபடுத்தவில்லை. அண்ணன் இப்போது யார் வீட்டுக் கிளியைப் பார்த்தாலும் முதலில் அது என்ன வகை என்று கேட்கிறாராம். தராசு மேடமும் கடைத்தெருவில் கொஞ்சம் மாறித்தான் போனாள். எப்பவும் இப்படித்தான் என்று யாராவது சொன்னால் எப்படி என்று கேட்கிறாள், கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறாள்.

காலை எடை மட்டும் நிற்கவில்லை. டாக்டரம்மா பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவள் கையை நீட்டுவாள். பெரியவர் ஏறுவார், கம்பில் இறங்குவார், பீப் என்று கத்துவார், பெருமூச்சு விட்டு அவள் குரலில், "போதாது," என்பார்.

"போதும் பெரியவரே," என்பாள் அவள். "இது போதும்."

அவர் தலையைச் சாய்த்து அவளைப் பார்ப்பார். இதுவரை நம்பியதாகத் தெரியவில்லை. நாளைக்கும் சொல்வாள்.